பைக்குள் இருந்த நான்காவது கல்

கல் கடையின் அளவுக்காரர் வீடுகளுக்குப் போகும்போது தோளில் ஒரு கான்வாஸ் பை தொங்கும். அதில் இரும்பு டேப், பென்சில், ரசமட்டம், மடித்த அட்டைகள், பழைய பனியன் துணியில் தனித்தனியாகச் சுற்றிய நான்கு கற்கள். நான்கும் ஒரே கறுப்புக் கல்லிலிருந்து வெட்டியவை, உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி. ஒன்று நேராக வெட்டிய விளிம்பு. ஒன்று மேல்முனையைச் சாய்த்துச் சீவியது. ஒன்று அலைபோல் வளைந்து இறங்குவது. நான்காவது அரைவட்டம், பாதி கரைந்த சோப்புக் கட்டியின் ஓரம் மாதிரி. சமையல் மேடைக்குக் கல் போடுகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த வீட்டில் சமைப்பது யாரென்று கேட்பார். அவரைப் பழைய மேடையின் முன்னால் நிற்கச் சொல்லி, நான்கு கற்களையும் ஒவ்வொன்றாக விளிம்பில் வைத்து, "கொஞ்சம் சாயுங்க" என்பார். சாய்கிறவர் பெண் என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆணாக இருந்தாலும் திரும்பிக்கொள்வார், பழக்கமாகிவிட்டது. சிலர் சிரிப்பார்கள். "துணிக்கடையிலகூட இவ்வளவு போட்டுப் பார்த்ததில்லை" என்று ஒருவர் சொன்னதை அவர் பல வீடுகளில் சொல்லிக் காட்டியிருக்கிறார். கண்ணால் பார்த்து எடுத்தால் ஒரு வருஷம் பிடிக்கும், உடம்பால் பார்த்து எடுத்தால் கடைசிவரை பிடிக்கும் என்பது அவர் எண்ணம். கல் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விளிம்பு செதுக்கும் மெஷினுக்குச் சக்கரங்கள் வாங்கி வைப்பதும் அவர் பொறுப்புதான். அரைவட்ட விளிம்புக்கான சக்கரம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று மெஷின்காரர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை அளவுக்காரர் டேப்பைச் சுருட்டியபடி "புதுசுக்குச் சொல்லிடறேன்" என்றார். இரண்டாம் முறை "சொல்லிட்டேன்" என்றார். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார், மறந்தும் போனார். ஒரு நாள் காலை சக்கரம் கல்லைச் செதுக்காமல் சூடாக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கே முதலாளிக்குத் தெரியாமல் போன் போட்டுப் புதுச் சக்கரத்துக்குச் சொன்னார். பன்னிரண்டு நாளாகும் என்றார்கள்.

பன்னிரண்டு நாளும் யாரும் அரைவட்டம் கேட்காமல் இருந்தால் முதலாளிக்குத் தெரியாமலே போய்விடும். அளவுக்காரர் நான்காவது கல்லைப் பையின் அடியில் வைத்து, அதன் மேல் அட்டைகளைப் போட்டார். அந்த நாட்களில் அவர் ஐந்து வீடுகளுக்குப் போனார். கண்டக்டர் வீடு அதில் கடைசி.

*

ஒடுக்கமான சமையலறை. ரயில் பெட்டி போல நீளமாக இருந்தது. ஒரு கோடியில் கூடம், இன்னொரு கோடியில் பாத்ரூம். ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஒன்பதடி நீளத்துக்குச் சிமென்ட் மேடை. அந்த வீட்டு மருமகள் காலையிலேயே பாத்திரங்களை இறக்கி வைத்துக் காத்திருந்தாள். முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். அளவுக்காரர் டேப்பை இழுத்து அட்டையில் குறித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வழி விடுங்க, வழி விடுங்க. படியில நிக்கக் கூடாது."

வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க மாமனார்," என்றாள் மருமகள். "முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். இன்னும் டியூட்டி முடியலை."

"முடியறதா? ரெண்டு டிரிப்தான் குறைச்சிருக்கேன்," என்றார் பெரியவர். பிறகு அளவுக்காரரைப் பார்த்து, "என்ன தம்பி, என் கம்பியைப் பிடுங்க வந்திருக்கீங்களா?"

"கம்பியா, ஐயா?"

கண்டக்டர் மேடையின் விளிம்பைத் தட்டினார். "இதுதான். ஓடற பஸ்ல ரெண்டு கையையும் விட்டுட்டு நின்னு டிக்கெட் கிழிச்சவன் நான். இப்ப பாத்ரூம் போக கம்பி வேண்டியிருக்கு. எந்தக் கல்லை வேணா போடுங்க. எனக்குப் பிடிச்சுக்க வசதியா இருக்கணும், அவ்வளவுதான்."

"ஆகட்டும், ஐயா."

அளவுக்காரர் ஒதுங்கி நின்று அவர் போவதைப் பார்த்தார். போகும்போது மேடை வலப்பக்கம் இருந்தது. நல்ல கையால் விளிம்பைப் பற்றி, ஒரு சாண், இன்னொரு சாண் என்று நகர்ந்தார். திரும்பி வரும்போது மேடை இடப்பக்கம் வந்துவிட்டது. அந்தக் கை எதையும் பற்றாது. அதனால் முழங்கையை மடக்கி, முன்கையை அப்படியே விளிம்பின் மேல் சாத்தி, உடம்பின் பாரத்தை அதில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். பழைய கொத்தனார் யாரோ உருட்டிவிட்ட விளிம்பு அது. அவர் கை தேய்த்துத் தேய்த்து, ஒன்பதடிக்கும் ஒரு பளபளப்பு ஏறியிருந்தது. அவருடைய முன்கையில் அங்கங்கே நீலமாகக் கன்னியிருந்தது.

"கையில என்னம்மா அது?" என்று அளவுக்காரர் கேட்டார், பெரியவர் கூடத்துக்குப் போன பிறகு.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். லேசாப் பட்டாலே கன்னிப் போயிடும். அந்தக் கையில உணர்ச்சி வேற கிடையாது. பட்டதே அவருக்குத் தெரியாது, நான்தான் பார்த்துச் சொல்லணும்."

ஜன்னலில் பச்சைத் திரைச்சீலை தொங்கியது. அளவுக்காரர் ஜன்னல் வரை டேப்பை நீட்டியபோது அதை ஒதுக்க வேண்டியிருந்தது.

"நான் எடுத்த துணி," என்றாள் அவள். "எங்க அண்ணி, என் வீட்டுக்காரரோட அக்கா, ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர். வந்து பார்த்துட்டு 'ஆஸ்பத்திரிப் பச்சை'ன்னாங்க. இப்ப எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இந்த மேடையிலயாவது ஒரு குறையும் சொல்ல முடியாம இருக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அளவுக்காரரும் சிரித்தார்.

பிறகு பையைத் திறந்து கற்களை எடுத்தார். நேர் விளிம்பு, சரிவு, அலை. மூன்றையும் மேடையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகச் சாயச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மூன்றிலும் சாய்ந்து பார்த்தாள். நடுவிரலால் விளிம்புகளைத் தடவினாள்.

"வட்டமா ஒண்ணு இருக்குமே அண்ணா? இப்ப இருக்கற மாதிரி?"

பை அவர் காலடியில் இருந்தது. "இருந்தது. இப்ப யாரும் போடறதில்லம்மா."

"போட்டா என்ன?"

"போடலாம். தாராளமாப் போடலாம்." அவர் நேர் விளிம்புக் கல்லைத் துணியால் துடைத்தார். "பார்க்கறவங்க, இந்தக் காலத்துல போய் இதைப் போட்டிருக்கீங்களேன்னு சிரிப்பாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவள் போனை எடுத்தாள். கணவனுக்குப் போன் செய்தாள். மூன்று விதம் இருப்பதைச் சொன்னாள். "உனக்கு எது பிடிக்குதோ அதையே போடு" என்ற குரல் அளவுக்காரருக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு நேர் விளிம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது பார்க்க நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"கத்தி மாதிரி இருக்கும்மா," என்றார் அவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

நோட்டில் 'நேர்' என்று எழுதிக்கொண்டு, அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தெருவில் நடக்கும்போது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் நினைத்தார். கண்டக்டர் வீட்டுக் கல்லை வெட்டி முடித்த மறுநாள் புதுச் சக்கரம் வந்தது. மெஷின்காரர் அதை மாட்டிவிட்டு, "மகாராஜா வந்துட்டார்" என்றார். அளவுக்காரர் நான்காவது கல்லை அட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்து மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தார்.

*

நாற்பது நாள் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டார். முதலாளிக்கு அவர் 'டேப்பு'.

"டேப்பு, அந்தக் கண்டக்டர் வீட்டுல போன். விளிம்பை மழுக்கித் தர முடியுமான்னு கேட்கறாங்க. பெரியவர் கையைக் கிழிச்சுக்கிட்டாராம்."

"எந்தக் கை?"

"எந்தக் கையா இருந்தா உனக்கென்னப்பா? ஏழு தையலாம். நம்ம தப்பு ஒண்ணும் கிடையாது, அவங்களே எடுத்த டிசைன். இருந்தாலும் போய்ப் பண்ணிக் கொடுத்துட்டு வா. நல்ல பேர் கிடைக்கும்."

கை மெஷினையும் பாலிஷ் தகடுகளையும் எடுத்துக்கொண்டு அளவுக்காரர் போனார். வழியில் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று விதமாக நினைத்துப் பார்த்தார். எதிலும் அவர் சக்கரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது வேறொரு பெண். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தார்.

"கல் கடைதானே? வாங்க. நான் அவரோட பெரிய பொண்ணு."

சமையலறை ஜன்னலில் திரைச்சீலை இல்லை. வெயில் நேராக மேடையில் விழுந்தது. ஒன்பதடி விளிம்புக்கும் பச்சைத் துணியை நான்காக மடித்து, பார்சல் டேப்பால் ஒட்டியிருந்தது. அடுப்புக்கு அருகே துணி எண்ணெயில் கறுத்திருந்தது, தொட்டிக்கு அருகே ஈரத்தில் ஊறி நாற்றமடித்தது. மருமகள் அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "வாங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்டக்டர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

"வாங்க தம்பி. டிக்கெட் கிழிக்கறவனையே கிழிச்சுட்டீங்க," என்றார்.

"அப்பா, சும்மா இருங்க. விளையாட்டா இது?" என்றார் மகள். பிறகு அளவுக்காரரிடம், வகுப்பில் கரும்பலகை முன் நின்று சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பாத்ரூம்ல இருந்து வந்திருக்கார். அடுப்புகிட்ட, அந்த ரெண்டு கல்லும் சேர்ற இடத்துல கையை வெச்சு அழுத்தி இழுத்திருக்கார். தோல் காகிதம் மாதிரி வழண்டு வந்துடுச்சு. அவருக்குத் தெரியவே இல்ல. நடந்து வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிச்சிருக்கார். இவ துணி காயப்போட்டுட்டு வந்து தரையைப் பார்க்கறா, கூடம் வரைக்கும் ரத்தம்."

அளவுக்காரர் தரையைப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

"நான் ஒண்ணு மட்டும்தான் கேட்கறேன்," என்று பெரியவரின் மகள் மருமகள் பக்கம் திரும்பினார். "கல்லை எடுக்கும்போது வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்கார்னு ஞாபகம் வந்துச்சா, இல்லையா? சொல்லு. மூணு வருஷமா இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவர் போறார், வர்றார். அழகு பார்க்கற இடமா இது?"

"இல்ல அண்ணி. தப்புதான்," என்றாள் அவள். பலமுறை சொன்னதைச் சொல்லும் குரல்.

அளவுக்காரர் பையை இறக்கி வைத்தார். "நான் இங்கேயே வெச்சு மழுக்கிக் கொடுத்துடறேன். தூசி பறக்கும். பாத்திரத்தை எல்லாம் மூடிடுங்க."

அதுதான் அவர் சொன்னது.

*

கல்லைச் செதுக்க இரண்டு மணி நேரம் ஆனது. பாத்ரூம் பக்கத்திலிருந்து தொடங்கினார். மூக்கில் துணி கட்டியிருந்தும் தொண்டை வரை தூசி இறங்கியது. கை மெஷின், கடையிலிருக்கும் மெஷின் மாதிரி வராது. கை கொஞ்சம் ஆடினாலும் ஓரிடம் பள்ளமாகும், ஓரிடம் மேடாகும். அடிக்கடி நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அடுப்பு அருகே இரண்டு கல் சேரும் இடத்தில் விரலை வைத்தபோது நிறுத்தினார். பதித்த அன்று நகத்தால் கீறி, சரியாக இருக்கிறது என்று அவரே சொன்ன இடம். இப்போதும் சரியாகத்தான் இருந்தது. நேர் விளிம்பு நேர் விளிம்பாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பெரியவரின் மகள் டீ கொண்டுவந்தார். தட்டு வைத்த நல்ல கோப்பை. அளவுக்காரர் கூடத்து ஓரத்தில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே நின்றபடி வாங்கிக்கொண்டார்.

"உட்காருங்க. பாவம், கல்லுக்காரர் நீங்க. உங்களுக்கு இருக்கற அக்கறைகூட..." என்று சொல்லி அவர் உள்ளே பார்த்தார். "கடையில சொன்னாங்க. நீங்களே ஒரு நாள் ஒதுக்கி வர்றேன்னீங்களாமே. இந்தக் காலத்துல யார் செய்வா?"

அளவுக்காரர் டீயைக் குடித்தார். நாக்கில் கல் தூசிதான் தட்டுப்பட்டது.

மருமகள் கை துடைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்கு அருகே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"உங்களுக்கு வீண் அலைச்சல் வெச்சுட்டேன் அண்ணா. மன்னிச்சுக்கோங்க. நீங்க அன்னைக்கு எல்லாத்தையும் பொறுமையா வெச்சுக் காட்டினீங்க, சாய்ஞ்சு பார்க்கச் சொன்னீங்க. நான்தான் கண்ணால பார்த்து எடுத்துட்டேன்."

அவர் கோப்பையைக் கண்டக்டரின் நாற்காலிக்கு அருகே இருந்த ஸ்டூலில் வைத்தார். அவள் இன்னும் பதிலுக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லம்மா என்று சொன்னால் போதும். அந்த வீட்டில் அதோடு முடிந்துவிடும். அவள் தப்பு செய்தவளாகவும் அவர் நல்லவராகவும் இந்த மேடை இருக்கும் நாள்வரை இருப்பார்கள். 'பரவா' வரை வாயில் வந்தது.

குனிந்து பையைத் திறந்தார். பனியன் துணியைப் பிரித்து அரைவட்டக் கல்லை எடுத்து, டீ கோப்பைக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்தார்.

"இது அன்னைக்கும் பையிலதான் இருந்தது," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. கண்டக்டர் மட்டும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, நல்ல கையை நீட்டிக் கல்லை எடுத்துப் பார்த்தார்.

"இவங்க கேட்டாங்க. வட்டமா இருக்கான்னு வாயைத் திறந்து கேட்டாங்க. நான்தான் எடுத்துக் காட்டலை."

"ஏன்?" என்றார் மகள்.

"மெஷின்ல அந்தச் சக்கரம் தேய்ஞ்சு போயிருந்தது."

"அதைச் சொல்லியிருந்தா பத்து நாள் பொறுத்திருப்போமே. என்ன கெட்டுப் போயிருக்கும்?"

"ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது." அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "சக்கரத்துக்குச் சொல்லி வைக்கறது என் வேலை. நான் மறந்துட்டேன். யாராவது வட்டம் கேட்டா, சக்கரம் எங்கன்னு முதலாளி என்னைக் கேட்பார். அதுக்காக மறைச்சேன். ஐயா நடக்கறதையும் பார்த்தேன். கன்னிப் போன கையையும் பார்த்தேன். பிடிச்சுக்க வசதியா இருக்கணும்னு அவர் சொன்னப்போ ஆகட்டும்னேன்."

கண்ணாடிக்குப் பின்னால் மகளின் கண்கள் பெரிதாயின. "எங்க அப்பா கையில ஏழு தையல். தெரியுமா உங்களுக்கு? காலையில வந்ததுல இருந்து நான் இவளைப் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க! ரெண்டு மணி நேரம்! இப்ப டீயைக் குடிச்சுட்டுச் சொல்றீங்க. எடுங்க உங்க மெஷினை. போங்க வெளியே. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

அளவுக்காரர் அசையாமல் நின்றார். போவதும் சரி, நிற்பதும் சரி என்றுதான் அவருக்கு இருந்தது.

"சிரிப்பாங்கன்னும் சொன்னீங்களே," என்றாள் மருமகள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில், அவர் எதிர்பார்த்திருந்த ஆறுதல் எதுவும் இல்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தது.

"வட்டம் போட்டா என்னன்னு கேட்டேன். பார்க்கறவங்க சிரிப்பாங்கன்னு சொன்னீங்க. அதனாலதான் நான் விட்டேன். இப்ப அதை மட்டும் ஏன் விட்டுட்டுச் சொல்றீங்க?"

"ஆமாம்மா. சொன்னேன்."

"யாரு? யாரு சிரிப்பாங்க?" என்றார் மகள்.

சமையலறை வாசலில் பச்சைத் துணி குவியலாகக் கிடந்தது, பார்சல் டேப் ஒட்டியபடி. மகள் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். நெடுநேரம் துடைத்தார்.

கண்டக்டர்தான் பேசினார்.

"வண்டியை நடுவழியில நிறுத்திட்டு டிரைவரை இறக்கி விடறேங்கறியேம்மா. பாதி வேலை அப்படியே நிக்குது. மீதியை நீயா ஓட்டப் போறே?" அரைவட்டக் கல்லை மடியில் வைத்து அதன் மேல் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். "முதல்ல முடிக்கட்டும். இறக்கறதை ஸ்டாண்டு வந்ததும் பார்த்துக்கலாம்."

அளவுக்காரரை அவர் 'தம்பி' என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு அதன் பிறகு கூப்பிடவே இல்லை.

*

பாலிஷ் போடும்போது கல் சூடேறாமல் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அளவுக்காரர் ஒரு கையில் மெஷினையும் இன்னொரு கையில் பாட்டிலையும் பிடிக்கப் பார்த்தார். சரிப்படவில்லை. மருமகள் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

சொரசொரப்பான தகட்டில் தொடங்கி வழவழப்பான தகடு வரை ஏழு தகடுகள். ஒவ்வொன்றோடும் ஒன்பதடி போய்த் திரும்ப வேண்டும். அவள் ஒரு முழம் தள்ளி நின்று, சொட்டுச் சொட்டாக, வேண்டிய அளவுக்கு ஊற்றிக்கொண்டே கூட வந்தாள். போதும், இன்னும் கொஞ்சம் என்று அவர் ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறுப்புச் சேறு வழிந்து அவள் காலில் சொட்டியது. மெஷின் சத்தத்தில் பேசவும் முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

நான்காவது தகட்டை மாற்ற நிறுத்தியபோது அவள் பேசினாள். மேடையைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணியைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர்கிட்டகூட. உங்ககிட்ட என்னவோ சொல்லிட்டேன். நான் சொன்னதை வெச்சே என்னை மடக்கிட்டீங்க."

அவர் தகட்டை மாட்டினார். மாட்டிய தகடு சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டினார்.

"இப்ப அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு," என்றாள். "இனிமே ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல எப்படி நிக்கறது?"

அவள் பாட்டிலைச் சாய்த்தாள். அவர் மெஷினைப் போட்டார்.

முடிந்தபோது மணி மூன்றரை. எவ்வளவு தேய்த்தும் கடையின் பளபளப்பு வரவில்லை. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்க, விளிம்பு மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்தது போல ஒன்பதடிக்கும் ஓடியது. யார் வந்து பார்த்தாலும் பிறகு கை வைத்த வேலை என்று தெரிந்துவிடும். அடுப்பு அருகே இரண்டு கல் சேரும் இடத்தை மட்டும் அவர் மூன்று முறை தேய்த்திருந்தார். கண்ணை மூடி விரலை ஓட்டினால் அங்கே சேர்ப்பு இருப்பதே தெரியாது.

சேற்றைத் துடைத்தார். தரையைக் கழுவினார். பாத்திரங்களை ஏற்றி வைக்கப் போனபோது, "அது நான் பார்த்துக்கறேன்" என்றாள் மருமகள். நாத்தனார் பச்சைத் துணிகளை ஒரு வாளியில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் அண்ணி துவைக்கறீங்க, தூக்கிப் போட்டுடலாம்" என்று மருமகள் சொன்னதற்கு, "இருக்கட்டும். நல்ல துணிதான்" என்று மட்டும் பதில் வந்தது.

"வழி விடுங்க," என்று கூடத்திலிருந்து குரல் கேட்டது. படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அளவுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். கண்டக்டர் போனார். வலது கையால் புது வட்டத்தைப் பிடித்தார், அழுத்திப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு சாண், இன்னொரு சாண். பாத்ரூம் கதவு சாத்தி, தண்ணீர் ஓடி, திறந்தது.

திரும்பி வரும்போது கட்டுப் போட்ட கையை விளிம்பின் மேல் சாத்தினார். மழுங்கிய கல் அந்தக் கையைத் தாங்கியது. நான்கடி வந்தார். அடுப்புக்கு முன்னால் நின்றார். வலது கையால் இடது கையைத் தூக்கி, குழந்தையை அணைப்பது போல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"மாமா, இப்ப வெக்கலாம். அங்கேயும் சரி பண்ணியாச்சு," என்றாள் மருமகள்.

"தெரியும்மா," என்றார் அவர்.

கையை இறக்கவில்லை. எதையும் பிடிக்காமல், இழுக்கிற காலோடு, இரண்டு எட்டு வைத்தார். இரண்டாவது எட்டில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்கலாமா என்று அளவுக்காரரின் கை முன்னால் போனது. ஆனால் அதற்குள் மருமகள் அங்கே வந்துவிட்டாள், இன்னொரு பக்கம் மகளும் வந்துவிட்டார். அளவுக்காரர் நீட்டிய கையை மடக்கிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடம் தாண்டியதும் கண்டக்டர் மறுபடி கையை விளிம்பில் வைத்து, கூடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து எடுத்து வைத்த அரைவட்டக் கல் பக்கத்தில் ஸ்டூலின் மேல் இருந்தது. அதை எடுத்துப் பையில் போட அளவுக்காரர் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

போய் நின்றார். கண்டக்டர் கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மேல வெச்சுக்கோங்க. அடியில போட்டுடாதீங்க," என்றார்.